சாருக்குப் போட்ட நாற்காலி

என் பெரியம்மா சலவைக் கடையில் இஸ்திரி போட்டவர். கடை திறந்ததிலிருந்து மூடும்வரை நின்றபடியே வேலை. பெரியப்பா தையல்காரர். அவருக்கு நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை.

தன்னைக் கேட்காமல் மகன் பெண் பார்த்துக்கொண்டான் என்ற கோபத்தில் பெரியம்மாவின் மாமியார் கல்யாணத்துக்கே வரவில்லை. ஜோடியாக ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் மனசு இளகும் என்று பெரியப்பா நம்பினார். அந்தப் படம்தான் தன்னை அந்த வீட்டு மருமகளாக்க வேண்டும் என்று பெரியம்மாவுக்கும் தெரியும்.

அந்தக் காலத்து ஸ்டுடியோவில் இருப்பது ஒரே நாற்காலி. ஆண் அதில் கால்மேல் கால் போட்டு உட்காருவார். பெண் நாற்காலி முதுகில் கை வைத்து நிற்பார். எங்கும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் யாரும் மீறியதுமில்லை.

பெரியம்மா வேலை முடிந்து நேராக வந்திருந்தார். போட்டோக்காரர் விளக்கைத் திருப்புவதற்குள் போய் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, அது சாருக்குப் போட்டது."

"சார் காலையிலேருந்து உட்கார்ந்துதான் இருக்காரு. வேணும்னா கேட்டுப் பாருங்க."

பெரியப்பா நாற்காலி முதுகில் கை வைத்தார். "எனக்கும் முதுகு நிமிரும். எடுங்க."

படத்தை அனுப்பிய பிறகு பெரியம்மா தினமும் தபால்காரரை எதிர்பார்த்தார். பதில் வரவில்லை. மாமியாரே வந்து இறங்கினார். படத்தை மேசைமேல் வைத்தார்.

"இந்த வீட்டுல யாரு ஆம்பளைன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"கடைக்கு நேரமாச்சு அத்தை. சாயங்காலம் வந்து திட்டு வாங்கிக்கறேன்."

சாயங்காலம்வரை மாமியாருக்குப் பொறுக்கவில்லை. மத்தியானமே கடைக்குப் போனார். உள்ளே மருமகள் சட்டைக் குவியலுக்கு முன்னால் கால் மாற்றிக் கால் ஊன்றி நின்று தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் ஒரு முக்காலிகூட இல்லை. வாசலில் நின்று பார்த்த மாமியார் அப்படியே திரும்பிவிட்டார்.

அன்று பெரியம்மா வீட்டுக்குள் நுழைந்ததும் நாற்காலி தயாராக இருந்தது.

"உட்காரு."

"பரவால்ல அத்தை."

"போட்டோவுல மட்டும் கேக்காம உட்காரத் தெரியுதோ?"

ஊருக்குக் கிளம்புமுன் இருவரையும் அதே ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனது மாமியார்தான். போட்டோக்காரர் மாமியாரை உட்காரவைத்து, பக்கத்துக் கடையிலிருந்து இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து பெரியப்பாவைப் பார்த்தார்.

"அதுல அவ உட்காரட்டும்," என்றார் மாமியார். "அவன் நின்னு பழகிட்டான்."

இரண்டு படங்களும் இன்றும் பெரியம்மா வீட்டுக் கூடத்தில் தொங்குகின்றன. வருகிறவர்கள் பார்த்துவிட்டு, வீட்டில் யார் ஆட்சி என்று பெரியப்பாவைச் சீண்டுவார்கள்.

"அதை விடுங்க," என்பார் அவர். "என் முதுகு எவ்வளவு நேரா இருக்கு பாருங்க."