ஊசியால் கீறிய ஒளி

சினிமாவில் தந்திரக் காட்சி என்று யாராவது வாயைப் பிளந்தால் எனக்கு அம்மாவின் இடது கண்தான் ஞாபகத்துக்கு வரும். கூடவே கோபமும் வரும்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டும்போது பட்டைத் தூள் தெறித்து அந்தக் கண்ணில் விழுந்தது. இரண்டே நாளில் வீங்கி, கருவிழி ஓரத்தில் வெள்ளையாகப் புள்ளி விழுந்துவிட்டது. தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் சொட்டு மருந்து கொடுத்தார். "ஒரு வாரம் ஊத்து. கொறையலன்னா சுங்கைப் பட்டாணி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். வெளையாடாத," என்றார்.

அந்த வாரம்தான் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்டார்கள். அம்மன் படம். சாமிப் படம் என்றால் எங்கள் ஆட்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள். துணிக்கு முன்னால் தேங்காய், சூடம் எல்லாம் உண்டு. படத்தில் அம்மன் உள்ளங்கையை விரித்தாள். கோடு கோடாக ஒளி பாய்ந்து ஒரு குருட்டுச் சிறுமியின் கண்ணில் இறங்கியது. "தெரியுது!" என்று சிறுமி கத்த, திடலே "தாயே!" என்று எழுந்தது. என் அம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு துணிக்கு அருகில் போய், வீங்கிய இமையை விரலால் விரித்துப் பிடித்து, அந்த ஒளிக்குக் கண்ணைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஒருத்தரும் உட்காரச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அக்கா சூடத் தட்டை நீட்டினாள்.

மறுநாள், "குளுகுளுன்னு இருக்குடி," என்றாள் அம்மா. மஞ்சள் கயிறு கட்டி நாற்பத்தெட்டு நாள் விரதம் தொடங்கினாள். விரதத்தில் மருந்து கூடாதாம். சொட்டு மருந்தைக் கொல்லையில் கொட்டச் சொன்னாள். கொட்டியவள் நான். பத்து வயது, நானும் நம்பினேன். டிரெசர் எங்கள் லயத்து வீட்டுக்கே வந்து சத்தம் போட்டார். "ஆத்தா பார்த்துக்குவா லா, ஐயா," என்று அவரை அனுப்பிவிட்டாள். விரதம் முடிவதற்குள் கண் முழுசாக வெளுத்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள்.

கல்யாணமான பிறகு சுங்கைப் பட்டாணியில் ஒரு தியேட்டரில் டிக்கெட் கிழிக்கும் வேலைக்குப் போனேன். படம் ஓட்டும் அண்ணன் ஒருநாள் அறுந்துபோன சாமிப் படப் பிலிம் துண்டை விளக்கில் பிடித்துக் காட்டினார்.

"இந்த ஒளியெல்லாம் என்னன்னு நெனச்ச தங்கச்சி? ஊசியால கீறுறது. ஒவ்வொரு கட்டமா ஒரு ஆளு உக்காந்து கீறிக்கிட்டே இருப்பான்."

அவர் சிரித்தார். அடப்பாவிகளா, ஊசிக் கீறலுக்கா என் அம்மா கண்ணைக் கொடுத்தாள்?

லீவு நாளில் தோட்டத்துக்குப் போனேன். அம்மா முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கொட்டித் தீர்த்தேன். திட்டுவாள், இல்லை அழுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"அப்ப அந்தச் சின்னப் புள்ள? அதுக்குக் கண்ணு வரலியா?"

"அது நடிச்சிச்சும்மா. அதுக்குக் கண்ணு எப்பவுமே நல்லாத்தான் இருந்திருக்கும்."

அம்மா பெருமூச்சு விட்டாள்.

"அதுவாச்சும் தப்பிச்சிச்சே," என்றாள்.