ராஜஸ்தானிலிருந்து வந்த கைகழுவும் தொட்டி

தொட்டி லாரியிலிருந்து இறங்கிய அன்று வீட்டில் இருந்தவர்கள் அம்மா, நான், குழாய் வேலைக்காரர். இல்லாதவர் அப்பா. அதை வாங்கி அனுப்பியவரே அவர்தான். போர்வெல் வண்டியோடு ராஜஸ்தானில் இருந்தார். அங்கே கிணறு போட்ட ஒரு வீட்டில் வெள்ளை மார்பிளைக் குடைந்து செய்த தொட்டியில் கை கழுவியிருக்கிறார். அதன் குளிர்ச்சி அவர் கையிலேயே நின்றுவிட்டது போலிருக்கிறது. எடப்பாடிப் பக்கம் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் குளியலறைக்கு அப்படி ஒன்றை வாங்கி, ஊருக்குத் திரும்பும் வண்டியில் சாக்கு சுற்றி ஏற்றிவிட்டார்.

நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான், படித்தது வேதியியல். மார்பிளுக்கு எங்கள் ஊர்த் தண்ணீர் ஆகாது என்று போனில் அரை மணி நேரம் விளக்கினேன். உள்ளூரில் கருங்கல்லில் செய்து வாங்கலாம், இல்லாவிட்டால் கடையில் இரண்டாயிரத்துக்குள் பீங்கான் தொட்டி கிடைக்கும் என்றேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வண்டி கிளம்பிவிட்டது, நாளை மறுநாள் வந்துவிடும் என்றார்.

வந்தது. லாரிக்காரர்களையும் சேர்த்து நான்கு பேர் தூக்க வேண்டியிருந்தது. குழாய் வேலைக்காரர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். தண்ணீர் போகும் ஓட்டை நம் ஊர் அளவில் இல்லை. சுவரில் மாட்ட முடியாது, மேடை கட்டித்தான் வைக்க வேண்டும். மேடை மேல் வைத்தால் இருக்கிற குழாய் எட்டாது, கழுத்து நீண்ட குழாய் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நான் பைக்கை எடுத்துக்கொண்டு சேலம் போய் வந்தேன். ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் மாவின் தரம் பார்ப்பது என் வேலை. அந்த மாதம் ஆலையில் இருந்ததைவிட டைல்ஸ் கடைகளில் நின்ற நேரம்தான் அதிகம்.

ஆனால் வைத்து முடித்ததும் அழகாகத்தான் இருந்தது. உள்பக்கம் கண்ணாடி போல, வெளிப்பக்கம் உளி பட்ட சொரசொரப்போடு. புதுவீடு புகும் நாளன்று அப்பா வந்து, தன் கையால் முதன்முதலில் அதில் முகம் கழுவ வேண்டும் என்று எனக்குள் ஒரு ஆசை வந்துவிட்டது. அதுவரை அந்த வெள்ளை குறையக் கூடாது. புதுவீடு புகும் முன்பே அந்தக் குளியலறை புழக்கத்துக்கு வந்துவிட்டதால் அம்மாவிடம் சட்டம் போட்டேன். மஞ்சள் கையோடு தொடக் கூடாது. எலுமிச்சை, புளி கிட்டே வரக் கூடாது. ஆசிட் கூடவே கூடாது. குழாயைத் திறந்து மூடினால் உடனே துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

"குளிச்சுப்போட்டு நாந் தொவட்டறதுக்கு முந்தி அதுக்குத் தொவட்டி உடோணுமாக்கு?" என்றார் அம்மா. ஆனாலும் செய்தார்.

துணியால் துடைத்தும் பிரயோசனமில்லை. ஊரூராகப் போய் நல்ல தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறவர் வீட்டு போரில் வருவது உப்புத் தண்ணீர். குழாய்க்கு நேர் கீழே வெள்ளைப் படை கட்டத் தொடங்கியது. கல்லில் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் சீலர் வாங்கிப் பூசினேன். அதன் மேலும் கட்டியது.

புதுவீடு புகுவதற்கு முந்தின நாள் அத்தை வந்தார். அப்பாவின் அக்கா, அயோத்தியாப்பட்டணத்தில் கட்டிக்கொடுத்தது. ஒரு வரப்புத் தகராறில் பல வருஷம் எங்கள் வாசலையே மிதிக்காதவர். தொட்டி வருவதற்கு முன்பு ஊருக்கு வந்திருந்தபோதே அப்பா நேரில் போய் அழைத்திருந்ததால் மனம் மாறி வந்திருந்தார். வந்தவர் சும்மா உட்காரவில்லை. நான் பந்தல்காரரைப் பார்க்கப் போயிருந்த நேரம், அம்மா சமையல்காரரோடு பேசிக்கொண்டிருந்த நேரம், துடைப்பமும் ஆசிட் பாட்டிலுமாகக் குளியலறைக்குள் புகுந்துவிட்டார்.

நான் வந்தபோது சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வியர்த்துப்போய் நின்றார். "ஏஞ்சாமி, புதூட்டுல இப்படியா உப்புப் புடிக்க உட்டு வெப்பாங்க? ரெண்டு மூடி ஆசிட்டு ஊத்துனேன், நொரநொரயாப் பொங்குச்சு பாரு. அத்தன அழுக்கு."

பொங்கியது அழுக்கல்ல, கல். எனக்கு அது சமன்பாடாகவே தெரியும். தொட்டியின் அடியில் கண்ணாடி போன்ற பளபளப்பு போயிருந்தது. விரலை வைத்தால் சுண்ணாம்புச் சுவர் மாதிரி இருந்தது. வாயைத் திறந்தேன். அத்தையின் முதுகுக்குப் பின்னால் நின்ற அம்மா, பேசாதே என்று கண்ணை உருட்டினார். இத்தனை வருஷம் கழித்து வந்தவரை என்ன சொல்ல முடியும்? நன்றாக இருக்கிறது அத்தை என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்த் தனியாக நின்றேன். என் படிப்பு எதற்கு என்று அன்றைக்குத் தோன்றியதுபோல என்றைக்கும் தோன்றியதில்லை.

மறுநாள் விடியும் முன் அப்பா வந்து இறங்கினார். அத்தையே அவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார், தான் தேய்த்ததைக் காட்ட. நான் பின்னாலேயே போனேன். அப்பா குனிந்து பார்த்தார். உள்ளங்கையால் ஒரு சுற்றுத் தடவினார். கை அடியில் வந்து நின்றது.

"நல்லாத்தான்க்கா இருக்குது. ரொம்ப வழவழன்னு இருந்தா சோப்பு வழுக்கி உழும்."

சொல்லிவிட்டு நிதானமாக முகம் கழுவினார். நான் ஆசைப்பட்டதுதான் நடந்தது. பார்க்கத்தான் பிடிக்கவில்லை.

விருந்தெல்லாம் முடிந்து அத்தையைப் பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எத்தன ஆனாலும் பரவால்ல, பழையபடி பண்ணிப்போடு. அக்காளுக்கு மட்டும் தெரியக் கூடாது." அடுத்த நாளே வண்டிக்குக் கிளம்பிவிட்டார்.

ஒற்றைத் தொட்டிக்காகப் பாலிஷ் மெஷினோடு வர யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. கெஞ்சி ஒருவரை சேலத்திலிருந்து வரவழைத்தேன். ஒரு பகல் முழுக்கத் தேய்த்துப் பளபளப்பை மீட்டுக் கொடுத்தார். தண்ணீரை மாற்றாவிட்டால் மறுபடியும் உப்புக் கட்டும், மறுபடியும் யாராவது ஆசிட்டைத் தூக்குவார்கள் என்றார். அதனால் வீட்டுக்கே உப்பு நீக்கும் மெஷின் வாங்கினோம். அதை வைக்க மாடிப்படிக்குக் கீழே தனியாக ஒரு திட்டு கட்டினோம்.

ஆடி நோன்புக்கு அத்தை மறுபடியும் வந்தார். இப்போது தாராளமாக வருகிறார். நேராகக் குளியலறைக்குப் போனார், தொட்டியைத் தடவினார். "பாத்தியா கண்ணு, ஒருக்கா ஆசிட்டுப் போட்டுத் தேச்சது, இன்னமும் எப்படிப் பளிச்சுனு இருக்குது. உங்கொம்மாளுக்கு இந்தக் கை வராது."

அம்மா அடுப்படிக்குள் போய்விட்டார். நான் ஆமாங்க அத்தை என்றேன்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்திலிருந்தவர்கள் என்ன என்று கேட்டது எனக்கும் கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆகமொத்தம் எவ்வளவு ஆச்சு சாமி என்றார். அவர் அங்கே கொடுத்ததையும் சேர்த்துக் கூட்டிச் சொன்னேன்: நாற்பத்தெட்டாயிரத்து முந்நூறு ரூபாய்.