ஒரு மூடி உண்ணி மருந்து

முதலில் ஜூலியின் காது மட்டும்தான் துடித்தது. ஈ உட்கார்ந்திருக்கும் என்று நினைத்தேன். உண்ணி மருந்து போட்டுக் குளிப்பாட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. பிறகு தோள் துடித்தது, எச்சில் ஒழுகியது, பின்னங்கால்கள் தரையில் வழுக்கின.

என் மகள் இப்போதுதான் தவழ்கிறாள். ஜூலியின் மேல்தான் ஏறி விளையாடுவாள். அதனால்தான் அந்த மருந்தை வாங்கினேன். மாட்டுக்கும் நாய்க்கும் ஒரே மருந்து. "ஒரு மூடி, ஒரு பக்கெட் தண்ணி, அவ்ளோதாம்மா" என்றார் கடைக்காரர்.

"பால ஊத்து, முறிச்சிடும்" என்றார் மாமியார். "எலுமிச்சம்பழம் தேய்ச்சுப் பாரு" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. "ஒரு நாய்க்கு இம்மாம் பேஜாரா?" என்று சொல்லிக்கொண்டே பைக் சாவியைத் தேடினார் கணவர்.

ஞாயிற்றுக்கிழமை. திண்டிவனத்தில் போன இரண்டு கால்நடை மருத்துவமனைகளும் பூட்டியிருந்தன. விழுப்புரம்வரை ஜூலி என் மடியில் நடுங்கிக்கொண்டே வந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. எல்லோர் மீதும் எரிச்சல்தான் வந்தது.

"எவ்ளோ ஊத்துனீங்க?" என்றார் கால்நடை மருத்துவர்.

"ஒரு மூடிதாங்க சார். சொன்ன மாதிரியேதான்."

"எந்த மூடி?"

பாட்டிலின் மூடி அழுக்காக இருந்தது. கோடு போட்டிருந்தால் சரியாக இருக்கும் என்று, தீர்ந்துபோன காய்ச்சல் மருந்தின் அளவு மூடியை எடுத்தேன். அது பாட்டில் மூடியைவிடப் பல மடங்கு பெரியது. பக்கெட்டோ மகள் குளித்துப் பழசான சின்னப் பக்கெட்.

"படிச்சவ அளந்து ஊத்துனா இப்டித்தான்" என்றார் கணவர்.

"அத வீட்ல போய்ப் பேசிக்கோங்க. மொதல்ல கழுவணும், புடிங்க" என்றார் மருத்துவர்.

வெதுவெதுப்பான நீரில் சோப்புப் போட்டுக் கழுவினோம். டிரெமர் (தசைகள் தானாக நடுங்குவது) அடங்க ஊசி, பிறகு டிரிப்ஸ்.

"பொழைச்சிடுமா சார்?"

"நாளைக்குக் கேளுங்க."

உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் பால் ஊற்றாதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். மருந்து பாட்டிலோடு, அளந்த மூடியையும் எடுத்துப் போங்கள். கவனமாக அளந்தோமே என்று நினைத்து நினைத்து மாய்வதில் பயனில்லை. நான் இன்னும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

ஜூலி பிழைத்துவிட்டாள். மகள் மறுபடி அவள்மேல் ஏறுகிறாள். மத்தியானத்தில் இருவரும் தூங்கும்போது சில நேரம் ஜூலியின் கால் துடிக்கும். நாய்கள் கனவு காணும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் காலின் மேல் கையை வைக்கிறேன். கனவா, நடுக்கமா என்பது அது நின்ற பிறகுதான் தெரிகிறது. அதுவரை கையை எடுப்பதில்லை.