நூலளவு ஒடுங்கிய சீட்டுக்கட்டு

போன ஞாயிறு மத்தியானம். அரியாங்குப்பத்தில் ஒரு மண்டபம், காதணி விழா. பிரியாணியில் இரண்டாவது வாய் வைக்கிறேன்... மாடியிலிருந்து ஒரு குரல்.

"எங்கய்யா அந்த மேஜிக்காரன்? இட்டுகினு வாங்கய்யா மேல!"

ஒரு மணி நேரம் முன்புதான் இதே ஆட்கள் எனக்குக் கை தட்டினார்கள். அப்போது நான் 'சார்'. இந்த இறக்கம் எனக்குப் புதிதில்லை. எட்டாம் வகுப்போடு வீட்டை விட்டுக் கிளம்பியவன். லாட்ஜில் பக்கெட் தூக்கியிருக்கிறேன், லாரியில் கிளீனராக ஊர் ஊராகப் போயிருக்கிறேன். 'டேய்' என்று கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்துவிட்டு வேலையைப் பார்ப்பேன். கையைக் கழுவிக்கொண்டு மாடி ஏறினேன்.

மேலே ஓர் அறை. பெட்ஷீட் விரித்து நான்கு பேர் ரம்மி ஆடிக்கொண்டிருந்தார்கள். எந்த விசேஷமாக இருந்தாலும் மண்டபத்து மாடியில் இப்படி ஓர் அறை இருக்கும் - உங்களுக்குத் தெரியாததா? நடுவில் தேவநாதன். பில்டிங் கான்ட்ராக்டர். காது குத்தியது அவருடைய பேத்திக்குத்தான். எதிரில் ஏழுமலை. தேவநாதனின் தங்கை வசந்தாவின் புருஷன். மில் மூடியபிறகு பெயின்ட் அடிப்பது, தண்ணீர் கேன் போடுவது என்று கிடைத்ததைச் செய்கிறவர். இந்த விழாவில் மேஜிக் செய்ய என்னைக் கூப்பிட்டவரும் அவர்தான்.

நடந்தது இதுதான். அவர்கள் ஆடிய சீட்டுக்கட்டில் யாரோ பாயசத்தைக் கொட்டிவிட்டார்கள். "இருங்க, அண்ணன் பையில ஒரு கட்டு இருக்கும்" என்று ஏழுமலை என் பையிலிருந்து எடுத்துப்போய்க் கொடுத்திருக்கிறார். என்னிடம் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். நான் சாப்பாட்டு வரிசையில் இருந்தேன். பிறகு அவருக்கு அடித்தது யோகம். வரிசையாக மூன்று ஆட்டம் டிக் அடித்து ஜெயித்துவிட்டார்.

தேவநாதனுக்குப் பொறுக்கவில்லை. கட்டை வாங்கித் தரையில் தட்டிப் பார்த்திருக்கிறார். ஓரம் ஒன்றுசேரவில்லை. நான் போய் நின்றதும் அதை எல்லாருக்கும் காட்டிக் கத்தினார்.

"பாருய்யா, பிசிறு பிசிறா நிக்குது! சீட்டுல வேலை பண்ணியிருக்கு. இவன் கொண்டாந்த ஆளு, இவன் எடுத்தாந்த கட்டு, இவனே மூணு தபா டிக் அடிக்கிறான்... இன்னா மாப்ள, என் வூட்டு விசேஷத்துலயே திருடறியா?"

'திருடறியா' என்ற சத்தம் கேட்டு வசந்தா கீழேயிருந்து வாசலுக்கு வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் அவர் பிறந்த வீட்டுச் சொந்தம் மொத்தமும்.

"சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது மச்சான்" என்றார் ஏழுமலை.

"தெரியாதாம்பா!" என்றார் தேவநாதன் மற்றவர்களிடம்.

சிரித்தார்கள். ஆடிக்கொண்டிருந்த ஒருவர், "அதுல ஆஸ எடுக்கச் சொல்லு பாப்போம்" என்றார். ஏழுமலை தடவித் தடவி ஒரு சீட்டை உருவினார். கிளாவர் ஐந்து.

"நடிக்கிறான் பாரு!"

இதற்கு என்ன செய்வது? தெரிந்ததைச் செய்து காட்டலாம். தெரியாததை எப்படிச் செய்து காட்டுவது? கோர்ட்டில்கூட முடியாத காரியத்தைப் பெட்ஷீட் மேல் செய்யச் சொல்கிறார்கள். அதுவும் யாரிடம்? நாலு பேரில் பழைய சட்டை போட்டிருப்பவரிடம்.

எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. உயிரே போனாலும் சூட்சுமத்தைச் சொல்லாதே. 'சாதாரணக் கட்டுதான் சார்' என்று நானும் சொல்லியிருக்கலாம். தொழில் தப்பித்திருக்கும். ஏழுமலை காலத்துக்கும் அந்தக் குடும்பத்தில் திருடனாக இருந்திருப்பார்.

"ஆமா சார், வேலை பண்ண கட்டுதான்" என்றேன்.

அங்கே சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இதை எழுதப் போகிறேன் என்றதும் தொழில்கார நண்பர் ஒருவர் போனில் குதித்தார். "நம்ம பொழப்புல மண்ணப் போடறியே, நீ மனுசனா?" நான் பொருட்காட்சிகளில் இந்தக் கட்டுகளை விற்றவன். ஊர் ஊராக, ராத்திரி ஸ்டால் மேஜைக்கு அடியில் படுத்து, பல வருஷம் விற்றேன். காசு கொடுத்த அத்தனை பேருக்கும் சூட்சுமத்தைச் சேர்த்துத்தான் கொடுத்தேன். அப்போதெல்லாம் எந்தச் சட்டமும் குறுக்கே வரவில்லை. காசுக்கு விற்கலாம்... ஒருத்தர் மானத்துக்காகச் சொல்லக் கூடாதா? போய்யா!

கேளுங்கள். ஒரு வகைக் கட்டில் ஒன்றுவிட்டு ஒன்று ஒரே சீட்டு. பாதிக் கட்டு முழுக்க ஆட்டின் எட்டு என்று வையுங்கள். அவை மற்றதைவிடக் கொஞ்சம் குட்டை. அதனால் மேஜிக்காரன் விரல் எங்கே நின்றாலும் உங்களுக்கு எட்டுதான். கட்டைக் கையில் வாங்கி விரித்துப் பார்த்தால் கதை முடிந்தது. இன்னொரு வகையில் முதுகு டிசைனில் அடையாளம் வைத்திருப்பார்கள். முதுகுப் பக்கத்தைப் பார்த்தபடி சீட்டுகளைச் சர்ரென்று விடுங்கள். டிசைன் அசையாமல் நின்றால் நல்ல கட்டு. எங்கேயாவது துள்ளினால் கையை வைக்காதீர்கள்.

என் பையில் இருந்தது மூன்றாவது வகை. எல்லாச் சீட்டும் ஒரு முனையில் நூலளவு ஒடுங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. எல்லாம் ஒரே பக்கம் பார்த்து அடுக்கியிருக்கும்போது ஒன்றை மட்டும் திருப்பிச் செருகினால், அதன் அகன்ற முனை மற்றவற்றின் ஒடுங்கிய முனைகளுக்கு நடுவில் துருத்தும். எத்தனை கலைத்தாலும் விரல் அதைக் கண்டுபிடித்துவிடும்.

தேவநாதன் கையிலிருந்த கட்டை வாங்கினேன். இரண்டு முனையையும் பிடித்து இழுத்தேன். கட்டு இரண்டாகப் பிரிந்து ஆளுக்குப் பாதியாக என் இரண்டு கைக்கும் வந்தது.

"யம்மாடி!" என்றது வாசல்.

"இந்தக் கையில இருக்கறது ஒரு பக்கம் பாக்குது சார். அந்தக் கையில இருக்கறது எதிர்ப்பக்கம். நாலு பேரு நாலு பக்கம் ஒக்காந்து போட்டீங்க, வாரிக் கலைச்சீங்க. எல்லாம் தலைகீழா மாறிப்போச்சு. இந்த நெலமையில எனக்கே ஒரு சீட்டும் சிக்காது. திருட நெனைக்கறவன் மொதல்ல ஒண்ணொண்ணா அடுக்கணும். இது அடுக்காத கட்டு."

தேவநாதன் லேசில் விடுவாரா?

"கலையறதுக்கு முன்ன, மொத ஆட்டத்துல அடிச்சிருக்கலாமில்ல?"

"இருக்கலாம். இந்தக் கட்டுல மொத ஆட்டம் டிக் அடிச்சது யாரு சார்?"

ஆஸ் எடுக்கச் சொன்னவர்தான் தலையைச் சொறிந்தபடி வாயைத் திறந்தார்.

"நீதாம்பா தேவநாதா அடிச்ச."

வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தேவநாதன் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார்.

"செரி செரி, வுடு. தமாசுக்குச் சொன்னேன். வா மாப்ள, சாப்புடலாம்."

இந்த இடத்தில் நாமெல்லாம் என்ன செய்வோம்? நான் செய்வதைச் சொல்கிறேன். பல்லைக் காட்டிக்கொண்டு சாப்பிடப் போவேன். எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஏழுமலையும் எழப் பார்த்தார். வாசலில் நின்ற வசந்தா உள்ளே வந்தார்.

"ஒக்காருய்யா நீ" என்றார் புருஷனிடம். அண்ணன் பக்கம் திரும்பினார். "தமாசாண்ணே? திருடன்னு நீ கத்துனது பந்தி வரைக்கும் கேட்டுச்சு. கீழ எலையில கைய வெச்ச அத்தினி பேரும் என்னப் பாத்தாங்க. இதுவும் அவங்களுக்குக் கேக்கணும். மைக்குல சொல்லு."

"இன்னாம்மா நீ, நல்ல நாளும் அதுவுமா..."

"நல்ல நாளுன்னு ஒனக்கு அப்பத் தெரியலயா? நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

தங்கை மைக்கைப் பிடித்தால் என்னென்ன வரும் என்று அண்ணனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இறங்கினார். நாங்களும் பின்னாலேயே இறங்கினோம், ஏழுமலையைத் தவிர. வசந்தா சொன்னபடி அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். பாட்டை நிறுத்தச் சொல்லி, மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார் தேவநாதன்.

"எல்லாரும் நல்லா சாப்புடுங்க... மாடியில ஒரு சின்னப் பேச்சு ஆயிடுச்சு. சீட்டுலதான் வேலை இருந்துச்சு. எங்க மாப்ள கையில இல்ல."

"திருடன்னு சொன்னது?" மாடிப்படியிலிருந்து வசந்தா.

பரிமாறுகிறவர்கள்கூட வாளியோடு நின்றுவிட்டார்கள்.

"...அது என் தப்பு."

பாட்டு மறுபடி ஆரம்பித்தது. நான் மேலே போனபோது ஏழுமலை அதே இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரில் கடையிலிருந்து வந்த புதுக் கட்டு, கவர்கூடப் பிரிக்காமல். அரை மணி நேரம் கழித்து தேவநாதன் வந்தார்.

"ஒக்காரு மச்சான்" என்றார் ஏழுமலை. "நீயே கலை."

அந்தப் புதுக் கட்டில் ஏழுமலை வரிசையாக நான்கு ஆட்டம் தோற்றார். அதில் யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை.