உப்பு என்று நான் சொன்ன படம்

புரதப் படிகத்தை எக்ஸ்ரேயில் படமெடுப்பதற்காக நான்கு வருடம் முட்டை உடைத்தவன் நான். கொழிஞ்சாம்பாறையில் இருந்த என் சொந்தக்காரர்கள், எனக்குப் பட்டணத்தில் ரொட்டிக் கடையில் வேலை என்றே நினைத்திருந்தார்கள். வெள்ளைக்கருவில் உப்புக் கரைசலைச் சேர்த்துப் பொறுமையாக வைத்திருந்தால், நறநறவென்று படிகம் அடியில் இறங்கும். அதை ஒற்றுத்தாளில் உலர்த்திப் படமெடுப்பேன். உள்ளே அணுக்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தால் புள்ளிகள் விழ வேண்டும்; என் ஃபிலிமில் விழுவது எப்போதும் ஒரு மங்கலான கறைதான். புரதத்துக்குள் ஒழுங்கே கிடையாது என்று கட்டுரை எழுதவும் தொடங்கிவிட்டேன்.

ஆய்வுக்கூடத்து அட்டெண்டர் வண்டிப்பெரியார்க்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவரை 'நீ' என்றுதான் கூப்பிடுவேன். ஒருநாள் அவர் படிகத்தை உலர்த்தாமல், அது வளர்ந்த நீரோடு மெல்லிய கண்ணாடிக் குழாயில் இட்டு, மெழுகால் அடைத்துக் கொண்டுவந்தார்.

"காஞ்சா வெடிச்சுருதுய்யா. லென்ஸுல பாத்தேன்" என்றார்.

தொலையட்டும் என்று அதையும் படமெடுத்தேன். ஃபிலிம் முழுக்க வரிசை வரிசையாகப் புள்ளிகள். குழாயில் பழைய உப்புப் படிகம் ஒட்டியிருந்தால்தான் இப்படி விழும் என்று முடிவு கட்டினேன். புள்ளிகளின் இடைவெளியை அளந்து பார்த்திருந்தால் உப்பு இல்லை என்பது அப்போதே தெரிந்திருக்கும். அளக்கவில்லை. குழாயைக் கழுவாமல் ஏமாற்றியதாக எல்லோர் முன்பும் அவரைத் திட்டி, ஃபிலிமைக் குப்பையில் போட்டேன். அந்த மாதமே அவர் வேலை போயிற்று. போக வைத்தவன் நான்.

பிறகு கப்பலில் ஒரு பத்திரிகை வந்தது. யாரோ வேறொரு புரதத்தை ஈரத்தோடு குழாயில் அடைத்து எடுத்த படம் அதில் இருந்தது. அதே மாதிரிப் புள்ளிகள். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவருக்காக அழுதேன் என்று எழுத ஆசைதான். அழுதது எனக்குக் கிடைக்காமல் போன பெயருக்காக. அவர் நினைவு மறுநாள்தான் வந்தது.

உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் வண்டிப்பெரியாருக்குப் போனேன். தேயிலை ஃபாக்டரி வாசலுக்கு, சட்டையெல்லாம் தூளோடு வந்தார். நான் வாய் திறப்பதற்குள் அவரே கேட்டுவிட்டார்.

"அய்யா, அந்த உப்பு எப்படி உள்ள வந்துச்சு? மூணு தடவ கழுவுனேன். எங்க வீட்டுக்காரிகூட நான் பொய் சொல்றேன்னுதான் நெனைக்கா."

பக்கத்தில் கங்காணியும் நாலைந்து பேரும் நின்றிருந்தார்கள். பத்திரிகை என் பையில் இருந்தது. எடுத்திருக்கலாம்.

"எப்படியோ வந்துருச்சு, அதை உடு" என்றேன். "நான் மன்னிச்சுட்டேன்."

அவர் கண் கலங்கி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.