மைதாப் பசையில் ஒட்டிய இங்கிலாந்து

கசார்வாடியில் வாடகைக்கு இருந்த அறையைக் காலி செய்த அன்று அம்மாவும் நானும் வீட்டுக்காரரும் இருந்தோம். அப்பா இல்லை, வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டதால் மும்பையில் வேலை தேடிக்கொண்டிருந்தார். அட்வான்ஸ் திரும்பி வந்தால்தான் எனக்கு எட்டாம் வகுப்பு. இத்தனை வருஷம் கழித்து இன்று விமான் நகரில் யாரோ போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த மைதாப் பசை வாசனை என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

எங்கள் சுவர் மழைக்காலம் முழுக்க ஊறிக் கிடக்கும். எத்தனை கேட்டும் வீட்டுக்காரர் பூசித் தரவில்லை. அப்பா ஒரு பெரிய படம் வாங்கிவந்து மைதாப் பசை காய்ச்சி ஒட்டினார். இங்கிலாந்துக் கிராமம்: கல் பாலம், ஓடை, வைக்கோல் கூரை வீடுகள், பச்சைச் சரிவில் ஆடுகள். ஈரம் ஏற ஏற அதன் வானத்தில் பூஞ்சை கருமேகமாகப் படர்ந்தது.

"அங்கேயும் மழைதான் போல," என்பார் அப்பா.

காலி செய்த அன்று வீட்டுக்காரர் அந்தப் படத்தைப் பிடித்து இழுத்தார். சுவர்க் காரையும் சேர்ந்து விழுந்தது.

"சுவரையே கெடுத்துட்டீங்க!"

"மழை பெஞ்சா உள்ளேயும் ஊத்துற சுவரு, சேட்! நாங்க கெடுக்க அதுல என்ன இருந்துச்சு?" என்று அம்மா தனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டாள்.

அவர் அட்வான்ஸில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு மீதியை எண்ணிக் கொடுத்தார். அந்த வருஷம் நான் பள்ளிக்குப் போகவில்லை. அந்தக் கிராமத்துக்காக அவர் பிடித்துக்கொண்டது ஆயிரத்து இருநூறு ரூபாய்.