சாம்பிராணி போட்ட டாக்ஸி

தண்ணீர் புகுந்த காரின் நாற்றத்தைப் போக்குகிறவன், முதலில் தன் மூக்கைப் பழக்கிக்கொள்ள வேண்டும். எனக்கு அது இன்னும் கைவரவில்லை. நனைந்த மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டு, நாலு நாள் கழித்துப் பிரித்து மோந்தவர்களுக்கு என் பாடு புரியும்.

சீட்டுக்கு அடியில்

பினாங்கில் ஒர்க்‌ஷாப் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, கீரனூரில் திருச்சி ரோட்டோரம் கொட்டகை போட்ட வருஷம். ஐப்பசி வெள்ளத்தில் சின்னையாவின் டாக்ஸி தரைப்பாலத்திலேயே நின்றுவிட்டது. மாடு கட்டி இழுத்து வந்தான். அவன் வீட்டுக்குச் சோறு போடுவது அந்த ஒரு வண்டிதான்.

பின்சீட்டைத் தூக்கினேன். கறுத்துப்போன தேங்காய் நாருக்குள் ஏதோ நெளிந்தது. நான் இந்தக் கதவாலும் அவன் அந்தக் கதவாலும் ரோட்டில் குதித்தோம். கடைசியில் வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது ஒரு விலாங்கு மீன். அப்போதும் சின்னையா கிட்டே வரவில்லை. "பாம்பு இல்லைன்னு நீங்க சொல்றீங்கண்ணே, அதுக்குத் தெரியுமா?"

வெள்ளை வேட்டி

நாரைப் பிடுங்கி வெயிலில் போட்டேன். உள்ளே அடுப்புக்கரி வைத்தேன், சுண்ணாம்பு வைத்தேன். வாடை அசையவில்லை. அதற்குள் அவசரச் சவாரி என்று சின்னையா வந்து நின்றான். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, கை கையாகச் சாம்பிராணி அள்ளிப் போட்டுப் புகைத்தேன். அரைகுறையாய்க் காய்ந்த நாரையே திரும்பத் திணித்து, ஈரம் ஒட்டாமலிருக்கச் சீட்டில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்தேன்.

சவாரி யாரென்றால், வயிற்றுவலியில் துடித்த அரிசிக்கடை வள்ளியம்மை. திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவருடைய தம்பி தாங்கிவந்து படுக்க வைத்தார். அந்த அம்மாள் ஒருமுறை மூச்சை இழுத்தார். வேட்டியைத் தடவிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "ஏப்பா, என்னைய ஆஸ்பத்திரிக்குத்தானே கொண்டு போறே?"

கதவுக்குள்

வண்டி திரும்பியது, அவர் திரும்பவில்லை. ஆப்பரேஷன் என்றார்கள். இங்கே அதற்குள் அது பிணவண்டி என்று பேச்சாகி, ஒருவரும் ஏறவில்லை. அந்த அம்மாளுக்கு ஒன்று ஆகிவிட்டால் சின்னையாவின் பிழைப்பு அதோடு சரி. பயங்காட்டியே கொன்றவன் என்ற பேர் எனக்கு. திருச்சி பஸ் வந்து நிற்கும்போதெல்லாம், இறங்குகிற முகங்களைப் பார்க்க அஞ்சிக் கொட்டகைக்குள் போய்விடுவேன்.

சும்மா இருக்க முடியாமல் வண்டியைக் குடைந்துகொண்டிருந்தேன். கதவைச் சாத்தும்போது உள்ளே 'களுக்' என்றது. அடிவிளிம்பில் தண்ணீர் வடிகிற துளைகளைச் சேறு அடைத்திருந்தது. கம்பியால் குத்தினேன், கறுப்பாகக் கொட்டியது. நான் கொண்டுவந்திருந்த இங்கிலீஷ் கையேட்டில் இது முதல் பக்கத்திலேயே இருந்தது. இரண்டு பாஷை படித்தும் சாம்பிராணியைத்தான் நம்பியிருக்கிறேன். சின்னையா எட்டிப் பார்த்தான். "இதைத் தொறக்காமத்தான் இம்புட்டு நாளும் பொகை போட்டீங்களாண்ணே?"

கடைவீதி

பத்தாம் நாள் அந்தத் தம்பி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தார். இந்த முறை கொட்டகைக்குள் போய் ஒளிய வழியில்லை. அக்காவை அழைத்துவர வேண்டுமாம். அதே வண்டிதான் வேண்டுமாம். நானும் கூடப் போனேன்.

வள்ளியம்மை ஏறி உட்கார்ந்து நீளமாக மோந்து பார்த்தார். பிறகு சாய்ந்துகொண்டார். கீரனூர்க் கடைவீதி வந்ததும் சொன்னார்: "சின்னையா, மெதுவாப் போப்பா. கண்ணாடிய எறக்கிவிடு. நான் உக்காந்து வாரதை எல்லாரும் பாக்கட்டும்."

நாற்றம் போகக் கதவில் நாலு துளை போதுமாயிருந்தது. நான் போட்ட வாசனை போகத்தான் அந்த அம்மாள் திருச்சிவரை போய்ப் பிழைத்து வரவேண்டியிருந்தது.